ஒரு நாள் தள்ளி வந்த குரல்

சாலிகிராமத்தில், டப்பிங் தியேட்டர்களும் மெஸ்களும் மாறி மாறி வருகிற ஒரு தெருவில், மூன்று மாடி வீடொன்றின் இரண்டாம் மாடியில் தில்லைநாயகி என்றொருத்தி குடியிருந்தாள். அவள் முகத்தை அறிந்தவர்கள் அந்தத் தெருவோடு சரி. அவள் குரலைக் கேட்காத வீடு மட்டும் ஊரில் எங்கும் இல்லை. வடக்கே எடுத்த ஒரு தொடரில் பட்டுப்புடவையும் நெற்றி நிறையக் குங்குமமுமாக ஒரு பெரிய வீட்டு மருமகள் வருடக்கணக்காக அழுது, மன்னித்து, பாலில் விஷம் வைக்கப்பட்டு, பிழைத்து, மறுபடியும் அழுதாள் என்றால், அவளுக்காகத் தமிழில் அழுததும் மன்னித்ததும் பிழைத்ததும் தில்லைநாயகிதான். அந்த மருமகளின் புருஷனுக்குப் பேசியவர் ஞானப்பிரகாசம், தூத்துக்குடிக்காரர், மனைவியை இழந்தவர். மைக்குக்கு முன்னால் பக்கத்தில் பக்கத்தில் நின்று, திரையைப் பார்த்தபடி, 'நீ இல்லாமல் நான் எப்படி வாழ்வேன்' என்று அவரும், 'என்னை விட்டுப் போகாதீர்கள்' என்று அவளும் நாள் தவறாமல் சொல்லிக்கொண்டார்கள். பிறகு ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, "வரேன் மேடம்," "பார்த்துப் போங்க சார்," என்று ஆளுக்கொரு பக்கம் போனார்கள்.

அந்தத் தியேட்டரில் எப்போதும் மார்கழிக் குளிர். தில்லைநாயகி ஒரு பழைய சால்வையைப் போர்த்திக்கொண்டுதான் வெயில் காட்சிகளுக்குப் பேசுவாள். வடநாட்டு நடிகையின் உதடு எங்கே ஒட்டுகிறதோ அங்கே தமிழிலும் உதடு ஒட்டுகிற எழுத்து வந்தாக வேண்டும்; எழுதிக் கொடுத்த வசனத்தில் அது வராது. "மேடம், அந்த இடத்துல அவ வாயை மூடுறா, 'உயிரே'ன்னா ஒட்டாது, 'பாவம்'னு ஏதாவது போட்டுப் பாருங்க," என்பார் ஞானம். அவள் போட்டுப் பார்ப்பாள். காதல் காட்சியில் ஒரு பெண் புருஷனைப் பார்த்து 'பாவம் நீங்க' என்று சொன்னது அன்றைக்கு அப்படித்தான் பிறந்தது. தொடரில் அது வந்த மறுநாள் ஊரிலுள்ள பெண்கள் பாதிப் பேர் அவரவர் புருஷனைப் பார்த்து அதையே சொன்னார்கள். யார் எழுதியது என்று எவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் இவர்கள் இருவரும் அதை எழுத்து என்று நினைத்திருக்க மாட்டார்கள். தயிர்சாதத்தைப் பங்கிட்டுச் சாப்பிடும் நேரத்தில், ஊருக்குப் போய் வந்தால் ஞானம் கொண்டு வரும் மக்ரூனைக் கடித்தபடி, இன்றைக்கு அவளை எப்படிச் சிரிக்க வைக்கலாம், முகத்தில் ஒன்றுமே இல்லாத அந்த நடிகனுக்கு எங்கே ஒரு பெருமூச்சைச் செருகலாம் என்று பேசிக்கொண்டிருப்பார்கள். தில்லைநாயகிக்குப் பிற்பாடு வாழ்க்கை என்று நினைத்தால் முதலில் நினைவுக்கு வந்ததெல்லாம் அந்தத் தயிர்சாத நேரம்தான்.

ஒரு நாள் கம்பெனிக்காரர்கள் இரண்டு பேரையும் தனித்தனியாக ஒலிப்பதிவுக் கூண்டுக்குள் உட்கார வைத்து, கதையில்லாத வாக்கியங்களைப் படிக்கச் சொன்னார்கள். சந்தோஷமாக ஒரு தடவை, கோபமாக ஒரு தடவை, விசும்பலோடு ஒரு தடவை. ஊர்ப் பெயர்கள், பழங்களின் பெயர்கள், ஒன்றிலிருந்து நூறு. கொஞ்ச நாள் கழித்துக் கூப்பிட்டு ஒரு காட்சியைப் போட்டுக் காட்டினார்கள். மருமகள் அழுதாள், புருஷன் தேற்றினான்.

"இது எப்ப பேசினோம் மேடம்?" என்றார் ஞானம்.

"நாம பேசலை சார். நம்ம குரலை வச்சு கம்ப்யூட்டர் பேசுது."

கடைசிவரை இருவரும் கேட்டார்கள். குறை சொல்ல இடமில்லை. "என்னைவிட நல்லாவே அழுவுது," என்றாள் தில்லைநாயகி. உண்மையாகவே அவளுக்கு அப்படித்தான் தோன்றியது. எதிர்க்கடையில் நின்று டீ குடித்தார்கள். "பார்த்துப் போங்க சார்." "வரேன் மேடம்." அதோடு சரி. பிறகு வேலைக்கு யாரும் கூப்பிடவில்லை, தினமும் காலையில் ஒரு பூப்படமும் ஒரு சிலுவைப் படமும் செல்போனில் போய் வந்தன.

அந்த வருஷம் ஆடி மாதத்தில்தான் அவள் குரல் பின்தங்க ஆரம்பித்தது. முதலில் கண்டுபிடித்தவள் அவளே. வாய் அசைந்து முடிகிற இடத்தில் குரல் தொடங்கியது. ஒரு வாழ்நாள் முழுவதும் அந்த மயிரிழை வித்தியாசத்தைத் திருத்தியே சோறு தின்றவளுக்கு அது தெரியாமல் போகுமா. முகம் கழுவிப் பார்த்தாள், மிளகுக் கஷாயம் குடித்துப் பார்த்தாள். குரல் நாளுக்கு நாள் பின்னால் போனது. பால் வேண்டாம் என்று காலையில் சொன்னது பால்காரர் போன பிறகு வாசலில் கேட்டது. மத்தியானம் சொன்னது விளக்கேற்றும் நேரத்தில் வந்தது. ஆடி முடிவதற்குள் முழுசாக ஒரு நாள் பின்தங்கி, அதற்கு மேல் போக மனமில்லாததுபோல அங்கேயே நின்றுவிட்டது. இன்றைக்கு எந்த இடத்தில் நின்று எந்த நேரத்தில் பேசினாளோ, நாளைக்கு அதே இடத்தில் அதே நேரத்தில், அவள் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அந்தப் பேச்சு கேட்டது.

தொண்டை டாக்டர் லைட் அடித்துப் பார்த்துவிட்டு, தொண்டை சுத்தமாக இருக்கிறது என்றார். குடியிருப்போர் சங்கச் செயலாளர் நரசிம்மன், "ராத்திரி எட்டு மணிக்கு டிவியில உங்க குரல் கச்சிதமா வாயோட ஒட்டித்தானே வருது, அப்போ கோளாறு குரல்ல இல்லை," என்று சொல்லி, அது எதில் இருக்கிறது என்று சொல்லாமல் போனார். ஒரு டிவி நிருபர் மைக்கோடு வந்து, மொட்டை மாடியில் நிற்க வைத்துக் கேள்வி கேட்டார். அவள் வாயசைத்தாள். சத்தம் இல்லாததால் பொய் என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் அதே நேரத்தில் அதே மாடியில் எல்லாக் கேள்விக்கும் பொறுமையாகப் பதில் வந்தது. வடகம் காயப்போட்டிருந்த பெண்கள் மட்டும் கேட்டார்கள்.

தெரு பழகிக்கொண்டது. தண்ணீர் லாரி வராத நாளுக்கும் மழை வெள்ளம் வந்த வருஷத்துக்கும் பழகிக்கொண்ட தெரு அது. காய்வண்டி ஏழுமலை, நாளைக்கு வேண்டியதை இன்றைக்கே வாசலில் நின்று சொல்லிவிடச் சொன்னார். மறுநாள் வந்து வாசற்படிக்கு எதிரே கையைக் கட்டிக்கொண்டு நின்று, "வெண்டைக்கா கால் கிலோ, முத்தலா போட்டுடாதீங்க," என்கிற குரலுக்கு, "இன்னிக்கு இளசு தாம்மா," என்று பதிலும் சொல்லி, பையில் போட்டு கேட்டில் மாட்டிவிட்டுப் போனார். சிலர் அவள் உதட்டைப் பார்த்து ஊகிக்கப் பார்த்தார்கள். புளி கேட்டால் பூரி வந்தது, ஆகவே காத்திருப்பதே மேல் என்று விட்டுவிட்டார்கள். புதிதாகக் குடி வந்தவர்கள் ஆளில்லாத மாடிப்படியில் பெண்குரல் கேட்டுப் பதறினால், "அது ஒண்ணுமில்லை, மேல்வீட்டம்மா நேத்து பேசினது," என்றார்கள். பரீட்சைக்குப் போகிற பிள்ளைகள், நேற்றே அவள் சொல்லி வைத்த 'நல்லா எழுதிட்டு வா'வை வாங்கிக்கொள்ள அந்தப் படியில் ஒரு நிமிஷம் நின்று போனார்கள். சங்கக் கூட்டத்தில் ஒரே ஒரு தீர்மானம்: அவளோடு யாரும் சண்டை போடக்கூடாது, மறுநாளும் கேட்க வேண்டியிருக்கிறது.

கீழ்வீட்டு வசுமதி, ரவிக்கை தைப்பவள், அவளுக்கு நெருக்கம். அவசரத்துக்கு இருவரும் செல்போனில் எழுதிக் காட்டிக்கொள்வார்கள். மற்றபடி தில்லைநாயகி வீட்டுக்குள் தனியாக இருந்தாள். தனியாக இருப்பவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வது வழக்கம். அதைக் கேட்கிறவர் யாருமில்லை. இவளுக்கு மட்டும் கேட்க நேர்ந்தது. ஒரு நாள் ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருக்கையில் அடுப்புக்குப் பக்கத்திலிருந்து நேற்றைய குரல் சொன்னது: "ஞானம் சார் இருந்தா உப்பு போதாதும்பார்." ஜன்னலோரம் துணி மடித்தபோது: "இந்த வெயில்ல சார் குடை எடுத்துட்டுப் போயிருப்பாரோ என்னவோ." கண்ணாடி முன்னால்: "இந்தப் புடவையைக் கட்டினா நல்லா இருக்குன்னு ஒரு தடவை சொன்னார்." வாயில் இருக்கும்போது இவையெல்லாம் எடையில்லாத பேச்சாக இருந்தன. வெளியிலிருந்து வந்தபோது, வேறொருத்தி பேசுவதைக் கேட்பதுபோல அவள் கேட்டாள். எத்தனையோ பெண்களுக்குக் குரல் கொடுத்தவளுக்கு ஒரு பெண் எந்த மனநிலையில் எதைச் சொல்கிறாள் என்பது கேட்ட மாத்திரத்தில் தெரிந்துவிடும். கண்ணாடி முன்னாலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அந்த வாரமே ஞானத்திடமிருந்து செய்தி வந்தது. சென்னையில் இனி வேலை இல்லை, மகன் தூத்துக்குடிக்கே வந்துவிடச் சொல்கிறான், ஞாயிற்றுக்கிழமை மாலை ரயில், சனிக்கிழமை பதினொரு மணிக்கு வீட்டுக்கு வந்து சொல்லிக்கொண்டு போகிறேன். அவர் அந்த வீட்டுப் படியை அதுவரை மிதித்ததில்லை. குரல் சேதி காதில் விழுந்திருந்தும், தனியாக இருக்கிற பெண் வீட்டுக்கு எப்படிப் போவது என்று தயங்கியே இருந்தார்.

"மனசுல இருக்கிறதை எழுதி அனுப்பிடுங்களேன் அக்கா," என்றாள் வசுமதி.

தில்லைநாயகி செல்போனில் தட்டிக் காட்டினாள்: 'இது எழுதிக் கொடுக்கிற சமாச்சாரம் இல்லை. என் வாயால சொல்லணும்.'

பிறகு அவளுக்கே வழி தோன்றியது. சனிக்கிழமை பதினொரு மணிக்குக் கேட்க வேண்டியதை வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குச் சொல்லிவிட வேண்டியதுதான். எதிரே ஆள் இல்லாமல், எதிராளியின் பேச்சுக்கு இடம் விட்டு, தன் பங்கை மட்டும் பேசிப் பதிவு செய்வது அவளுக்குப் புதிதா என்ன. வெள்ளிக்கிழமை கூடத்தில் நாற்காலியைப் போட்டு, கண் பார்க்க ஓர் ஆள் வேண்டும் என்று வசுமதியை அதில் உட்கார வைத்தாள்.

"நான் ஞானம் சாரா? காலை மேல போட்டுக்கவா?"

தில்லைநாயகி இல்லை என்று தலையசைத்தாள். அவர் நாற்காலி நுனியில்தான் உட்காருவார். பதினொன்று அடித்ததும் பேசத் தொடங்கினாள். அவர் பதில் சொல்வதற்கு முன் தொண்டையைச் செருமுவார், அதற்கும் சேர்த்து இடைவெளி விட்டாள். வசுமதிக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை. உதடுகள் அசைவதும் நிற்பதும் மறுபடி அசைவதும் மட்டும் தெரிந்தன. ஓர் இடத்தில் தில்லைநாயகியின் கண் நிறைந்து, அதை அவள் விழுங்கிக்கொண்டு, லேசாகச் சிரித்து எதையோ முடித்தாள். வசுமதி எழுந்து தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தாள்.

சனிக்கிழமை காபிக்கு டிகாஷன் இறங்கியிருந்தது, நாற்காலி இடம் மாறாமல் இருந்தது, அவள் அந்தப் புடவையைக் கட்டியிருந்தாள். ஞானம் வரவில்லை. ஆற்காடு சாலையில் மெட்ரோவுக்குத் தோண்டியிருக்கிற இடத்தில் ஆட்டோ நிற்கிறது என்று செய்தி வந்தபோதே மணி பதினொன்று.

"வாங்க சார், உட்காருங்க," என்றது அவள் குரல், காலி நாற்காலியைப் பார்த்து. "ஃபேன் போடட்டுமா?"

அதை நிறுத்த யாராலும் ஆகாது. தில்லைநாயகி ஓடிப் போய்க் கதவை அகலத் திறந்தாள், குரல் படி வழியாகவாவது இறங்கிப் போகட்டும் என்று. தியேட்டரைப் பற்றி, குளிரைப் பற்றி, தயிர்சாதத்தைப் பற்றிக் குரல் பேசியது. பேசி, நிறுத்தி, யாரோ செருமி முடிக்கக் காத்திருந்து, மறுபடி பேசியது. தெருவாசலில் ஏழுமலை தராசைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார். வசுமதியின் தையல் மிஷின் நின்றது. அப்போதுதான் மூச்சு வாங்க, கையில் சின்னப் பையோடு ஞானம் படியேறி வந்தார். குரல் கேட்டு, செருப்பைக் கழற்றவும் தோன்றாமல் வாசற்படியிலேயே நின்றார்.

"அந்த மருமகளுக்காக உங்ககிட்ட நான் எத்தனையோ தடவை போகாதீங்கன்னு அழுதிருக்கேன்," என்றது குரல். "நீங்களும் ஒவ்வொரு தடவையும் போயிட்டுத் திரும்பி வந்திருக்கீங்க. அதெல்லாம் யாரோ எழுதினது, நாம சொன்னோம். இப்ப அதுவும் நாம இல்லாமயே நடக்குது. நடக்கட்டும். இது யாரும் எழுதித் தரலை. போகாதீங்க ஞானம்."

சார் என்பது அதில் இல்லை. ஞானம் ஒரு தடவை நாற்காலியைப் பார்த்தார், ஒரு தடவை சுவரோரம் வாய் மூடி நிற்கிறவளைப் பார்த்தார். பதில் சொல்லத் தொண்டையைச் செருமினார். அந்தச் செருமலிலேயே அவருக்கு விட்டிருந்த இடம் தீர்ந்துவிட்டது.

"சரி சார், புரியுது," என்றது குரல், லேசான சிரிப்போடு. "மகன் இருக்கார், பேத்தி இருக்கா. அதுதான் நல்லது. நான் சும்மாதான் கேட்டேன். காபி ஆறிடும், குடிங்க."

தில்லைநாயகி முன்னால் வந்து இரண்டு கையையும் வேகமாக ஆட்டினாள். அவள் உதடு படபடவென்று அசைந்தது, சத்தமில்லாமல். ஞானம் பையைக் கீழே வைத்துவிட்டு அந்த உதட்டையே பார்த்தார். கண்ணைச் சுருக்கி, தலையைச் சற்றே சாய்த்து, திரைக்கு முன்னால் நிற்கிற மாதிரி நின்றார்.

"'அது நேத்து சொன்னது'," என்றார் மெதுவாக. "'அதைக் கேக்காதீங்க'. அப்படித்தானே மேடம்?"

அவள் ஆமாம் என்று தலையாட்டினாள்.

"நான் மாட்டேன்னு சொல்லுவேன்னு நேத்தே முடிவு பண்ணிட்டீங்களா?"

உதடு அசைந்தது. "'பயமா இருந்துச்சு'," என்று அவர் சொன்னார். அடுத்ததற்கு ஒரு நொடி பின்தங்கினார், அதற்கடுத்ததற்கு அரை நொடி. பிறகு அவள் வாய் திறக்கும்போதே அவர் குரலும் திறந்தது. "'எனக்குன்னு ஒரு வசனம் பேசினதே இல்லை, அதனால ரெண்டு விதமா முடிக்கத் தெரியலை'." ஒரு பெண்ணின் பேச்சை ஆண்குரல் சொன்னது கொஞ்ச நேரத்துக்கு வேடிக்கையாக இருந்தது, இருவரும் சிரித்தார்கள், அப்புறம் அது வேடிக்கையாக இல்லை. கூடத்தில் இன்னொரு பக்கம் நேற்றைய குரல் நாற்காலியை வழியனுப்பிக்கொண்டிருந்தது. அதை யாரும் கேட்கவில்லை.

"உங்க உதடு எனக்குப் பழக்கமே இல்லை மேடம்," என்றார் ஞானம். "இத்தனை வருஷமும் பக்கத்துல நின்னும் திரையைத்தான் பார்த்துட்டு இருந்தேன்."

அவள் ஒன்று சொன்னாள். மிகச் சின்னச் சொல்தான், உதடு ஒரு தடவை ஒட்டிப் பிரிந்தது. ஞானம் அதை மட்டும் வாய்விட்டுச் சொல்லவில்லை. பார்த்தார், தலையைக் குனிந்துகொண்டார், கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் வெகுநேரம் துடைத்தார். வாழ்நாளெல்லாம் கட்டிக்காத்த மெட்ராஸ் பேச்சு அப்போது அவரை விட்டு நழுவி ஊர்ப்பேச்சு வந்துவிட்டது. "மகன்ட்ட நேர்ல போய்ச் சொல்லணும்லா. போன்ல சொன்னா நல்லாருக்காது. சொல்லிட்டு உடனே வந்துருதேன்."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு அவர்கள் இருவரும் வளசரவாக்கத்தில் அவர் வீட்டில், ஊருக்குப் போக அவர் கட்டி வைத்திருந்த மூட்டைகளை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். தில்லைநாயகி வீட்டுச் சாவி வசுமதியிடம் இருந்தது. பாத்திரம் திருப்பி வைக்கப் போனவள், கூடத்தின் நடுவில் நின்று ஒரு பாதிப் பேச்சைக் கேட்டாள், பயத்தையும் சிரிப்பையும் கடைசியில் அந்த ஒற்றைச் சொல்லையும். கதவைப் பூட்டிக்கொண்டு இறங்கினாள்.

"இன்னாம்மா சொல்லுது அம்மா?" என்றார் கீழே ஏழுமலை.

"இன்னிக்குக் காய் எதுவும் வேண்டாமாம்," என்றாள் வசுமதி.

பிற்பாடு நடந்ததையும் சொல்லிவிடலாம். அவர்கள் அந்த இரண்டாம் மாடியிலேயே இருந்தார்கள். தொடர் எட்டு மணிக்கு ஓடிக்கொண்டே இருந்தது. எந்த வீட்டிலாவது மருமகள் அழும் சத்தம் கேட்டால் இருவரும் ஒரு நிமிஷம் காது கொடுத்துவிட்டு, "அங்கே ஒரு மூச்சு விட்டிருக்கலாம்," என்று சொல்லிக்கொண்டார்கள். தில்லைநாயகியின் குரல் கடைசிவரை ஒரு நாள் தள்ளியேதான் வந்தது. அவளுக்காக அவர் இன்றைக்குக் கேட்ட வெண்டைக்காயை நாளைக்கு அவள் குரலும் கேட்டதால், ஏழுமலை கொஞ்ச நாள் இரண்டு தடவை நிறுத்துப் போட்டு, பிறகு பழகிக்கொண்டார்.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை எழும்பூரில் நடந்தது இது. ரயில் நகர்ந்தபோது தில்லைநாயகி ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி கூடவே நடந்தாள். நடந்தபடியே பேசினாள், உள்ளே இருந்து ஞானம் அவள் உதட்டைப் பார்த்து அதையே திருப்பிச் சொன்னார், வேகம் கூடவும் கம்பியை விட்டாள். மறுநாள் மாலை அதே நடைமேடையில் அதே ரயில் புறப்பட்டது. ஆள் இல்லாமல் ஒரு பெண்குரல் ரயிலோடு சேர்ந்து ஜன்னல் ஜன்னலாக நடந்து போனது: "சாப்பிட்டீங்களான்னு கேக்க மறந்துட்டேன். போனதும் தூங்குங்க. சீக்கிரம் வந்துடுங்க." கேட்ட குரல் என்று எல்லோருக்கும் தெரிந்தது, எங்கே கேட்டது என்று யாருக்கும் பிடிபடவில்லை. ஜன்னலோரத்தில் இருந்த ஒவ்வொருவரும் அது தங்களுக்குச் சொன்னது என்றே நினைத்து, வெளியே தலையை நீட்டி, "வந்துடறேன்," என்றார்கள். வழியனுப்ப ஒருவரும் வராத சிலர் அதைச் சற்று உரக்கவே சொன்னார்கள். அதே மாலையில், அங்கே தூத்துக்குடியில், மகன் பெட்டியைத் தூக்கிக் கொடுக்க, ஞானப்பிரகாசம் சென்னை ரயிலில் ஏறிக்கொண்டிருந்தார்.